சிக்கானா ஓவியர்கள் கதையைக் கேக்குறப்போ நாம பண்ற தப்புங்க

மொதல்ல ஓவியர் ஃப்ரீடா காலோல இருந்து ஆரம்பிக்காதீங்க. அவங்க மெக்சிகோக்காரங்க. சிக்கானான்னா அமெரிக்காவுல வாழுற மெக்சிகன் வம்சாவளிப் பொண்ணுங்க, 1960கள்ல அவங்க சமூகத்தோட உரிமைக்காகப் போராடின சிக்கானோ இயக்கம் சூடுபிடிச்சப்போ பெருமையா ஏத்துக்கிட்ட பேரு அது.

அடுத்தது எல்லாரும் பண்றது. வாழ்க்கைக் கதையைக் கஷ்டக் கதையா மட்டும் படிக்கிறது. "ஏழைக் குடும்பம், பாவம், அதான் வரைஞ்சாங்க"ன்னு முடிச்சிட்டா படத்துல என்ன இருக்குன்னே கண்ணுல படாது. யோலாண்டா லோபஸை எடுத்துக்கோங்க, 1942ல சான் டியகோல பொறந்தவங்க, அம்மாவும் தாத்தா பாட்டியும் வளத்த பொண்ணு. 1978ல குவாடலூப்பே மாதாவை, அதாவது மெக்சிகோக்காரங்க கும்பிடுற மேரி மாதாவை வச்சு மூணு படம் பண்ணாங்க. ஒண்ணுல அவங்களே மாதாவா, ஷூ போட்டுக்கிட்டு கையில பாம்பைப் புடிச்சுக்கிட்டு ஓடி வர்றாங்க. இன்னொண்ணுல பாட்டி, கத்தியும் பாம்புத் தோலுமா அமைதியா உக்காந்திருக்காங்க. மூணாவதுல அம்மா. கண்ணாடி போட்டுக்கிட்டு தையல் மெஷின்ல உக்காந்து, மாதா போத்துற அந்த நட்சத்திரம் போட்ட சால்வையை அவங்களே தச்சுக்கிட்டு இருக்காங்க. அந்த அம்மா நிஜமாவே தையல் வேலை பாத்தவங்கன்னு தெரிஞ்சிட்டு மறுபடி பாருங்க, பரிதாபமே தோணாது, அந்தத் தெய்வத்துக்கே துணி தச்சுக் குடுக்குற கைன்னுதான் தோணும். எனக்கு இந்தப் படத்தை எத்தனை தடவ பாத்தாலும் போதாது.

எலும்புக்கூட்டைப் பாத்ததும் "ஓ, மெக்சிகோ கல்லறைத் திருநாள்"னு நகர்ந்துடறது இன்னொரு தப்பு. எஸ்தர் ஹெர்னாண்டஸ் 1982ல பண்ண 'சன் மேட்' படத்துல, 'சன் மெய்ட்'ங்கிற அமெரிக்கக் கம்பெனியோட சிவப்பு உலர்திராட்சை டப்பால சிரிக்கிற பொண்ணு இருக்கால்ல, அவ எலும்புக்கூடா திராட்சைக் கூடையோட நிக்கிறா. மரபுல எலும்புக்கூடு உண்டுதான், ஆனா ஹெர்னாண்டஸ் பொறந்தது கலிஃபோர்னியா டினூபால, வயக்காட்டு வேலை பாத்த குடும்பத்துல. ஊர்த் தண்ணியில பூச்சி மருந்து கலந்திருக்குன்னு பின்னாடி தெரிய வந்துச்சு. அவங்க வீட்ல குடிச்சதும் குளிச்சதும் அந்தத் தண்ணிதான். படத்துக்கு அடியில பூச்சிக்கொல்லி, களைக்கொல்லின்னு வரிசையா எழுதி வச்சிருக்காங்க, அதையும் படிங்க.

அப்புறம் குழுவா வேலை பண்ணவங்க கதையை ஆம்பளைங்க வாயால மட்டும் கேக்காதீங்க. 1972ல ஆஸ்கோங்கிற சிக்கானோ கலைஞர்கள் குழு, லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி மியூசியம் வாசல்ல ஸ்ப்ரே பெயின்ட்ல பேரு எழுதினாங்க. குழுவுல இருந்த மூணு ஆம்பளைங்க பேரு. மறுநாள் காலைல எடுத்த ஃபோட்டோல அந்தப் பேருங்களுக்கு மேல நிக்கிறது அதே குழுவுல இருந்த பாட்ஸி வால்டெஸ், அவங்க பேரு செவுத்துல இல்ல. அவங்களே பேசின நீளமான நேர்காணல் ஸ்மித்சோனியனோட அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகத்துல எழுத்து வடிவத்துல ஆன்லைன்ல ஃப்ரீயாவே இருக்கு. யாரோ வெட்டிப் போட்ட ரெண்டு வரியோட நிறுத்தாம அதை முழுசாப் படிங்க, பக்கத்துல படத்தைத் திறந்து வச்சுக்கிட்டு.