பெரியவர்கள் நீச்சல் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டக் கிணற்றில், கோடை விடுமுறைக்கு வந்த உறவினர் மூவருக்கு நீச்சல் பழக்கியபோது, 36 வயதில் அதே படிகளில் நின்று நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைக் கண்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்கக்கூடாது என்பது போன்ற, எல்லோரும் அறிந்த செய்திகளை இங்கே எழுதப்போவதில்லை.

மூச்சை அடக்கிக்கொண்டு நீந்துவது

இந்தத் தவறு எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. ஒரு கோடை முழுவதையும் இதற்கு நான் பறிகொடுத்தேன். கன்னத்தை உப்பிக்கொண்டு, வாயை இறுக மூடி, ஐந்தாறு முறை கை வீசுவதற்குள் நெஞ்சு முட்டும். உடனே சுவரைப் பிடித்துக்கொள்வேன். உடம்பில் தெம்பில்லை என்று எண்ணித் தினமும் காலையில் ஓடிப் பார்த்தும் பயனில்லை. அந்த முட்டல் பெரும்பாலும் உயிர்வளி தீர்வதால் வருவதன்று, வெளியேறாத கரியமில வாயு இரத்தத்தில் ஏறுவதால் வருவது என்பதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

நீருக்குள் மூச்சை விடாதவர், முகம் வெளியே வரும் அந்தச் சிறு பொழுதுக்குள் பழைய காற்றை விடவும் வேண்டும், புதிய காற்றை இழுக்கவும் வேண்டும். இரண்டுமே அரைகுறையாகி, பதற்றத்தில் தலையைத் தூக்குகிறார். தலை உயர்ந்தால் இடுப்பும் கால்களும் தாழ்ந்துவிடும். அதன்பின் எவ்வளவு உதைத்தாலும் உடல் முன்னே செல்லாது.

ஆகவே முதலில் இடுப்பளவு நீரில் நின்று, படியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நீருக்குள் வைத்து மூக்கால் மெதுவாகக் குமிழி விடுங்கள். பிறகு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் காற்றை இழுங்கள். இருபது முறை இடைவிடாமல், பதறாமல் இதைச் செய்ய முடியும்வரை கை வீசவே வேண்டாம். உறவினர்களில் மூத்தவர், "என்ன தம்பி, மூணு நாளா குமிழியே விடச் சொல்றே?" என்று சலித்துக்கொண்டார், நான்காம் நாள் அவரே கிணற்றின் குறுக்கே நீந்திப் போனார்.

தம் கட்டுவதற்கு முன் வேகமாக மூச்சு வாங்குவது

யார் அதிக நேரம் முங்கியிருப்பது என்று போட்டி வைக்கிற இளைஞர்கள், பலமுறை வேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்குகிறார்கள். அவ்வாறு செய்தால் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டும் உணர்வு தாமதமாகிறது. அதற்குள் உயிர்வளி தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இன்றி நீருக்கடியிலேயே நினைவு தப்பிவிடக்கூடும். நன்றாக நீந்துபவர்களும் இப்படி இறந்துபோயிருக்கிறார்கள்.

சுரைக்குடுக்கையையும் காலிக் குடத்தையும் நம்பி ஆழத்துக்குப் போவது

கயிறு நழுவினால் அவை கைவிட்டுவிடும்.

குடிநீர் ஊருணியில் பழகுவது

கூடாது.

துணையின்றி இறங்குவது

நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் மேலே இருக்கவேண்டும். ஒரு முனை உறுதியாகக் கட்டப்பட்ட நீளமான கயிறு அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். தத்தளிப்பவர் தம்மைக் காப்பாற்ற வருபவரையே பற்றி அமிழ்த்திவிடக்கூடும் என்பதால், அவரும் குதிப்பதற்கு முன் கயிற்றையே முதலில் வீசவேண்டும்.