கூப்பிட்டதும் நாய் ஓடி வர: ‘வந்துரு’ பழக்கும் முறை

நம் வீடுகளில் நாயை எதற்கெல்லாம் கூப்பிடுகிறோம்? குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, சங்கிலியில் கட்ட, செருப்பைக் கடித்ததற்குத் திட்ட. நாலு தடவை இப்படி நடந்தால் போதும், ஐந்தாம் தடவை “வா” என்றதும் அது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாய்க்குத் திமிர் என்று நினைக்காதீர்கள். அந்தச் சொல்லை நாம்தான் கெடுத்துவிட்டோம். கெட்ட சொல்லைச் சரிசெய்வதைவிடப் புதுச் சொல் பழக்குவது சுலபம். “வந்துரு” என்று வைத்துக்கொள்வோம். “தோ தோ” வேண்டாம், தெருவில் போகிறவர் எல்லாம் அதைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் தீனி. எலும்பில்லாத கோழிக்கறியை உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்து, பட்டாணி அளவுக்கு நறுக்குங்கள். ஒரு வேளைப் பயிற்சிக்கு 15 துண்டு போதும். பெரிய துண்டு போட்டால் மென்றுகொண்டே நிற்கும், வயிறும் சீக்கிரம் நிறைந்துவிடும். சைவ வீடென்றால் பனீர். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு ஆகாது. சேகோ மில் (ஜவ்வரிசி ஆலை) பக்கம் குடியிருப்பவர்கள் பச்சைக் குச்சிக்கிழங்கையும் (மரவள்ளி) அதன் தோலையும் நாய் எட்டாத இடத்தில் வையுங்கள், அதில் சயனைடு உண்டு. தீனி மொத்தமும் அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கொடுத்த அளவுக்குத் தட்டில் குறைத்துவிடுங்கள்.

முதல் 2 நாள்: டிவியை அணைத்துவிட்டு ஹாலில் நாய்க்குப் பக்கத்திலேயே உட்காருங்கள். “வந்துரு” என்று ஒரே ஒரு தடவை, சந்தோஷமான குரலில் சொல்லுங்கள். ஒரு நொடி விட்டு ஒரு துண்டு வாயில். நாய் எதுவும் செய்ய வேண்டியதில்லை, சொல் கேட்டால் கறி வரும் என்று புரிந்தால் போதும். ஒரு வேளைக்கு 10 தடவை, நாளைக்கு 3 வேளை, 3 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். புதிதாகப் பழக்குகிறவர்கள் செய்யும் தவறு இங்கேதான்: வாய் திறக்கும் முன்பே கை தீனிப் பைக்குள் போய்விடும். அப்போது நாய் கையைத்தான் கற்றுக்கொள்ளும், சொல்லை அல்ல. சொல்லி முடியும் வரை கை தொடையை ஒட்டியே இருக்கட்டும்.

அடுத்த 4, 5 நாள்: மூன்றடி தள்ளி நின்று சொல்லுங்கள், சொன்னதும் நாலைந்து அடி பின்னால் நகருங்கள். விலகிப் போவதைத் துரத்துவது நாயின் சுபாவம். முன்னால் குனிந்து கை நீட்டினால் பயந்த நாய் நின்றுவிடும். கிட்டே வந்ததும் ஒரு கையால் கழுத்துப் பட்டையைத் தொட்டு, மறு கையால் முழங்காலுக்குப் பக்கத்தில் தீனியைக் கொடுங்கள். பலர் தொடாமலே கையை நீட்டிக் கொடுப்பார்கள். அந்த நாய் பிறகு ஓரடி தூரத்தில் நின்று கழுத்தை மட்டும் நீட்டித் தீனியைப் பறித்துக்கொண்டு ஓடும். தொடும்போது உதட்டை நக்கினாலோ முகத்தைத் திருப்பினாலோ அதற்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். லேசாகத் தொட்டுவிட்டு எடுங்கள்.

பிறகு வீட்டில் இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் நின்று மாற்றி மாற்றிக் கூப்பிடலாம். குழந்தைகளுக்கு இது பிடித்த விளையாட்டு.

வெளியே: பத்துக்கு எட்டு தடவை உடனே வந்தால் மட்டும் வாசலைத் தாண்டுங்கள். குட்டியென்றால் தடுப்பூசிகள் முடிந்த பிறகு. நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ், 10 மீட்டர் கயிறு. கழுத்துப் பட்டையில் நீளக் கயிறு கட்டினால், ஓடி நிற்கும் இழுப்பில் கழுத்து அடிபடும். கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் போய்விடும். சேலத்து வெயிலுக்குக் காலை 7 மணிக்குள் முடிப்பது நல்லது. புறங்கையைத் தரையில் 5 நொடி வைக்க முடியவில்லையென்றால் நாயின் பாதத்துக்கும் அது சுடும்.

கூப்பிட்டு வரவில்லையா? “வந்துரு, வந்துரு, வந்துரு” என்று அடுக்காதீர்கள். மூன்றாவதுக்கு வந்தால் போதும் என்றுதான் பழகும். தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். துரத்திப் பிடிக்கவும் வேண்டாம், எதிர்ப்பக்கம் ஓடுங்கள். பத்து நிமிடம் கழித்து வந்தாலும் தீனி உண்டு, அடி கிடையாது. வந்தபின் அடித்தால், வந்ததற்கு அடித்ததாகவே அது எடுத்துக்கொள்ளும். பத்து தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை மறுபடி விளையாட விட்டுவிடுங்கள். குளிப்பாட்டவா? கூப்பிடாமல் நீங்களே போய் அழைத்து வாருங்கள்.

ஏற்காட்டுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு: 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிய நாய்க்குக் குமட்டும், அன்றைக்குப் பயிற்சி வேண்டாம். மறுநாளும் வீட்டில் இருந்த சுறுசுறுப்பை எதிர்பார்க்காதீர்கள். புது வாசனை, மரத்துக்கு மரம் குரங்கு. ஹாலில் தொடங்கிய மூன்றடி தூரத்திலிருந்தே மறுபடி ஆரம்பியுங்கள். சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற வேட்டை நாய்கள் ஓடுவதைக் கண்டால் காது கேட்காத மாதிரிதான். காப்பித் தோட்டங்களில் காட்டெருமையும் நடமாடும், எவ்வளவு பழகிய நாயானாலும் அங்கே கயிற்றைக் கழற்றாதீர்கள்.