காசநோயாளி வீட்டுக்கு மளிகைப் பை: புதிய குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 செப்டம்பரில் மத்திய அரசின் நிக்ஷய் மித்ரா திட்டம் தொடங்கியதிலிருந்து, காசநோயாளிகளுக்கு மாதாமாதம் மளிகைப் பை கொடுக்கும் வேலையில் கல்லூரி மாணவர்கள், நிறுவனங்கள், தெரு நண்பர் குழுக்கள் எனப் பலரும் இறங்கியிருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு புதிய குழுவும், முந்தைய குழு தடுக்கி விழுந்த அதே இடத்தில்தான் விழுகிறது. வண்டு பிடித்த பருப்பு, கிழிந்த பை, பட்டியலில் விடுபட்ட பெயர் ஆகியவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை முதல் மாதமே தெரிந்துவிடும், அடுத்த மாதம் சரியாகிவிடும். கீழே இருப்பவை ஆறு மாதமும் யார் கண்ணிலும் படாமல் நடப்பவை.

நோயாளிக்கு மட்டும் கணக்குப் போட்டு வாங்குவது

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் இதனால்தான். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது, ஏனென்றால் இதன் பழி கடைசியில் அந்த வீட்டின் மேலேயே விழுகிறது.

கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் என்று ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். திட்டத்தில் பரிந்துரைத்த பெரியவருக்கான பையில் 3 கிலோ தானியம், 1.5 கிலோ பருப்பு, 250 மி.லி. எண்ணெய், 1 கிலோ பால்பவுடர் அல்லது நிலக்கடலை இருக்கும். பருப்பை 30 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 50 கிராம். ஒரு ஆளுக்கு அது நல்ல அளவு. ஆனால் அந்த வீட்டில் உலை ஒன்று, குழம்புச் சட்டி ஒன்று. அப்பாவுக்குத் தனிப் பருப்பு, பிள்ளைகளுக்கு வெறும் ரசம் என்று எந்தத் தாயும் பரிமாற மாட்டாள். அந்த 50 கிராம் நாலாகப் பிரிந்து, ஆளுக்கு 12 கிராமாகிவிடும். இரண்டு மாதம் கழித்து எடை பார்த்தால் முள் நகர்ந்திருக்காது. உடனே குழுவில் ஒருவர், “நாம குடுக்கிறத வீட்ல மத்தவங்க சாப்பிட்டுடறாங்க” என்பார். இன்னும் சிலர் நோயாளியைத் தங்கள் கண்முன்னே சாப்பிட வைக்கலாமா என்று யோசிப்பார்கள். சம்பாதிக்கிறவர் படுத்துவிட்ட வீட்டில், பசித்த பிள்ளை கடலையை எடுத்துத் தின்றதைக் குற்றமாகப் பார்ப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

மற்றவர்கள் சாப்பிடத்தான் வேண்டும். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அதை ஒருங்கிணைத்ததில் சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்குண்டு. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் உடன் வசிக்கும் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பை கிடைத்தது. வீட்டாருக்கு மட்டும் பாதிப் பகுதிகளில் தனியாகப் பை கொடுத்தார்கள்: பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, கூடவே நுண்சத்து மாத்திரை. அப்படிக் கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தவர்கள் 39 சதவீதம் குறைவு. பிறருக்குத் தொற்றக்கூடிய வகையில் 48 சதவீதம் குறைவு. தடுப்பூசி போடாமல், அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரை கொடுத்தே கிடைத்த பலன் இது. 2024இல் நிக்ஷய் மித்ரா திட்டமும் வீட்டாரைச் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகும் புதுக் குழுக்கள் ‘ஒரு நோயாளி, ஒரு பை’ என்றே பட்டியல் போடுகின்றன.

சரியான கணக்கு இப்படி இருக்கும். முதலில் நோயாளியின் பங்கு, ஒரு மாதத்துக்கு:

வறுக்காத நிலக்கடலை 1.5 கிலோ, பொட்டுக்கடலை 1.5 கிலோ, துவரம் பருப்பு அல்லது பாசிப்பருப்பு 1.5 கிலோ, முட்டை 30, எண்ணெய் அரை லிட்டர், அரிசி 3 கிலோ.

இது நாளைக்கு ஏறத்தாழ 1,150 கலோரியும் 48 கிராம் புரதமும் தரும். வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் இது கூடுதலாகச் சேர வேண்டும். ஜார்க்கண்ட் ஆய்வில் நோயாளிக்குக் கொடுத்தது 1,200 கலோரி, 52 கிராம் புரதம். நம் கணக்கு அதை ஒட்டியே வருகிறது.

அடுத்தது மற்ற மூவரின் பங்கு. ஆய்வின் அளவைப் பெரியவர் கணக்கில் அப்படியே போட்டால் 15 கிலோ அரிசி, 4.5 கிலோ பருப்பு. இங்கேதான் தமிழ்நாட்டுக் குழுக்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அரிசி அட்டை வைத்திருக்கும் வீட்டுக்கு 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்போ மானிய விலையில் அட்டைக்கு 1 கிலோதான். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை ஆளுக்கு நாளைக்கு 85 கிராம் பருப்பு வகை. நாலு பேருக்கு மாதம் 10 கிலோ ஆகிறது. வீட்டில் அரிசிப் பஞ்சம் இல்லை, பருப்புப் பஞ்சம் இருக்கிறது. ஆனால் பை கனமாகத் தெரிய வேண்டும் என்று 10 கிலோ அரிசி மூட்டையும் அரைக் கிலோ பருப்பும் வாங்கும் குழுக்கள்தான் அதிகம். அரிசிக்கான பணத்தைப் பருப்புக்கு மாற்றுங்கள். நோயாளியின் 1.5 கிலோவும் மற்றவர்களின் 4.5 கிலோவும் சேர்ந்து 6 கிலோ, நாளைக்கு 200 கிராம். 200 மி.லி. டம்ளரில் குவித்து ஒரு டம்ளர். அந்தக் குவித்த டம்ளர் தினமும் உலைக்குள் போனால், நோயாளியின் 50 கிராம் நோயாளிக்கே கிடைக்கும்.

பட்டியல் எடுக்கும்போது பெயருக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் போடுங்கள்: ஒரே அடுப்பில் சாப்பிடுபவர் எத்தனை பேர்? ரேஷன் அட்டை இந்த ஊரில் செல்லுபடியாகிறதா? இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்றால் அரிசியும் பையில் ஏற வேண்டும். பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளி என்றால் எது சமைப்பார்கள் என்று கேட்டு, தேவைப்பட்டால் ஆட்டா வாங்குங்கள்.

பணம் போதவில்லையா? ஐம்பது வீட்டுக்கு அரைகுறைப் பை கொடுக்காமல், இருபது வீட்டுக்கு ஆறு மாதமும் முழுப் பை கொடுங்கள்.

ஆப்பிள், பேரீச்சை, டப்பா சத்துப் பவுடர்

கடையில் பார்க்க அழகாக இருக்கும். 100 கிராம் ஆப்பிளில் புரதம் அரை கிராம்கூடத் தேறாது. டப்பாப் பவுடர்களில் பலவற்றில் சர்க்கரை நிறைய. தமிழ்நாட்டில் காசநோயோடு நீரிழிவும் சேர்ந்திருப்பவர்கள் அதிகம், அவர்களுக்கு அது கேடு. 100 கிராம் நிலக்கடலையில் 24 கிராம் அளவுக்கும் பொட்டுக்கடலையில் 22 கிராம் அளவுக்கும் புரதம் இருக்கிறது. வறுத்த நிலக்கடலையும் பொட்டுக்கடலையும் சம அளவு எடுத்துப் பொடித்து, நீரிழிவு இல்லாதவருக்கு மட்டும் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை சேர்த்தால் நல்ல சத்து மாவு. ஒரு வாரத்துக்கு மேல் அரைத்து வைக்க வேண்டாம். கடலையின் எண்ணெய் சிக்கு வாடை எடுக்கும்.

சமைக்கிறவரை விட்டுவிட்டு நோயாளிக்கு வகுப்பு எடுப்பது

பை வாங்க வரும் நோயாளியை உட்கார வைத்து, புரதம், மாவுச்சத்து, வைட்டமின் என்று படம் போட்டு அரை மணி நேரம் பேசுவார்கள். அவர் தலையாட்டிவிட்டுப் போவார். வீட்டில் பருப்பு எவ்வளவு போடுவது என்று முடிவு செய்வது அவர் மனைவியோ அம்மாவோ. பேச்சு அங்கே, அடுப்படியில் நடக்க வேண்டும். பத்து நிமிடம் போதும். கிராம் கணக்கு வேண்டாம். அந்த வீட்டு டம்ளரையே எடுத்து அளந்து காட்டுங்கள்: “இது இன்னைக்குப் பருப்பு. கடலை ரெண்டு கை, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு.” சமைக்கிறவர் கடைசியில் உட்கார்ந்து மிச்சம் மீதியைச் சாப்பிடுகிறவராக இருந்தால் அதையும் பேசுங்கள். நோயாளிக்குப் பக்கத்திலேயே இருப்பவர் அவர். உடம்பு மெலிந்தால் நோய் அடுத்து அவரைப் பிடிக்கும்.

அதே பேச்சில் ‘சூடு’ பற்றியும் தெளிவாக்கிவிட வேண்டும். காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். வீட்டில் அதை உடல் சூடு என்று நினைத்து முட்டையை நிறுத்துவார்கள், பித்தம் என்று கடலையை நிறுத்துவார்கள். பையில் இருக்கும் மிகச் சத்தான இரண்டும் அப்படியே மூலைக்குப் போய்விடும். நிறம் மாறுவது மாத்திரையால், பயம் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆனால் கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கல்லீரல் பாதிக்கப்பட்டதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

ரேஷன் அரிசியில் கலந்துவரும் செறிவூட்டப்பட்ட மணிகளை ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறியும் வீடுகளும் உண்டு. நூறு மணிக்கு ஒன்று என்ற அளவில் கலக்கப்படும் அந்த மணிகளில்தான் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12உம் இருக்கின்றன. ஒரு பிடி அரிசியைத் தட்டில் பரப்பிக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

முதல் பையைத் தாமதிப்பது

ஒப்புதல், விழா, பிரமுகர் வரும் தேதி என்று முதல் பை ஒன்றரை மாதம் கழித்துப் போய்ச் சேரும். சாதாரணக் காசநோய்க்கான சிகிச்சை ஆறு மாதம், அதில் முதல் இரண்டு மாதம்தான் தீவிரக் கட்டம். அந்த இரண்டு மாதத்துக்குள் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்ததை அதே ஜார்க்கண்ட் ஆய்வு காட்டியது. 40 கிலோ ஆளுக்கு அது வெறும் 2 கிலோ. சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்திலேயே பை வீட்டில் இருக்க வேண்டும். விழாவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எடை பார்க்காமல் பை மட்டும் கொடுப்பது

ஒரே தராசு, மாதம் ஒரு முறை, செருப்பைக் கழற்றி. எண்ணை நோயாளியின் அட்டையில் குறித்துக் காசநோய்ப் பிரிவு ஊழியரிடமும் சொல்லுங்கள். மாத்திரை எண்ணிக்கை எடையைப் பொறுத்தது: 35 முதல் 49 கிலோ வரை 3 மாத்திரை, 50 முதல் 64 வரை 4. எடை நன்றாகக் கூடி அடுத்த பிரிவுக்குப் போனவருக்கு அளவை மாற்ற வேண்டியிருக்கும். அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவர், நீங்கள் செய்தி சொன்னால் போதும். இரண்டு மாதத்தில் எடை கூடவே இல்லை என்றால் பையில் குறை தேடுவதோடு நிறுத்தாமல் சர்க்கரை, குடிப்பழக்கம், மாத்திரை தவறுவது ஆகியவற்றையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

எலும்பும் தோலுமானவருக்கும் அதே பை

கூடாது. உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களை, அதாவது 160 செ.மீ. உயரத்தில் 36 கிலோகூட இல்லாதவர்களை, தமிழ்நாட்டின் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ உடனடி ஆபத்தில் இருப்பவர்களாகக் கணக்கிடுகிறது. இரண்டு காலும் வீங்கியிருந்தால் 16 வரைகூட அந்தக் கணக்கில் வரும். பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாதவரும் மூச்சு வாங்குபவரும் அப்படியே. அவர்களுக்கு வேண்டியது மருத்துவமனைப் படுக்கை. நீண்ட நாள் வயிறு காய்ந்த உடலுக்குள் திடீரென்று நிறைய சாப்பாடு போனால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும். அங்கே உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். பை, வீடு திரும்பிய பிறகு.

“நல்லா சாப்பிட்டாலே போதும்”

இந்த வாக்கியத்தைத் தொண்டர் யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சென்னையில் 1956இல் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) நல்ல உணவோடு மருந்து எடுத்தவர்களையும் எளிய வீட்டுச் சாப்பாட்டோடு வீட்டிலேயே மருந்து எடுத்தவர்களையும் ஒப்பிட்டது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது, ஆனால் குணமடைந்த விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான். கிருமியைக் கொல்வது மாத்திரை. உணவு, ஆளைத் தாங்கிப் பிடிக்கிறது, வீட்டாரைக் காக்கிறது. மாத்திரையை விட்டவருக்குப் பை மட்டும் தொடர்ந்து போனால், உடம்பு தேறியது போலத் தெரிந்து நோய் உள்ளே வளரும்.

ஈரக் கடலை

ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாக வாங்கிய கடலை ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும். அதில் வரும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது. காசநோய் மாத்திரைகளே கல்லீரலுக்குச் சுமை. சுருங்கியது, கறுத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டுக் கட்டுங்கள். மழைக்காலத்தில் அரைக் கிலோ பொட்டலமாக மாதம் மூன்று முறை கொடுங்கள்.

முப்பது முட்டையை ஒரே நாளில் கொடுப்பது

ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு. தெருமுனைக் கடையில் சீட்டு ஏற்பாடு செய்து, நாலு நாளைக்கு ஒரு முறை நாலு முட்டை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்குப் பால்மாவு டப்பா

தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவையும் பால் புட்டியையும் அநாதை இல்லங்களுக்குத் தவிர வேறு யாருக்கும் நன்கொடையாகக் கொடுக்க 1992ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கவில்லை. காசநோய் மருந்து சாப்பிடும் தாய், முகக்கவசத்தோடு பால் கொடுக்கலாம். அவளுக்குச் சாப்பாடு கொடுங்கள்.

பையில் ‘காசநோயாளிகள் உதவி’ என்று அச்சிடுவது

வேண்டாம். வாடகை வீடு போய்விடும். புகைப்படமும் வேண்டாம்.