மூடி போட்டால் மட்டும் ஈ போகாது: உணவுக் கழிவுத் தொட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவுக் கழிவுத் தொட்டியைத் திறந்ததும் வெள்ளைப் புழுக்கள் நெளிவதைப் பார்த்தவர்கள் எல்லோருமே ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எப்போதும் மூடித்தானே வைத்திருந்தோம், இது எப்படி உள்ளே போனது?" நியாயமான சந்தேகம்தான். ஆனால் பல நேரங்களில் ஈ அந்தத் தொட்டிக்குள் நுழைந்திருக்கவே இருக்காது. கழிவு வெளியே கிடந்தபோதே அதன் மேல் முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கும். அதை அப்படியே அள்ளி உள்ளே போட்டு, மூடியையும் சாத்தி, பத்திரமாக வளர்த்தது நாம்தான்.

ஆக, முதல் தவறு தொட்டியில் நடப்பதில்லை. கழுவாமல் வைத்த தட்டு, மேடையில் ஒதுக்கிவைத்த காய்கறித் தோல், சிங்க் வடிகட்டியில் தேங்கிய துணுக்குகள், இங்கெல்லாம்தான் நடக்கிறது. வீட்டு ஈ ஒரு முறை உட்கார்ந்தால் 75 முதல் 150 முட்டை வரை இடும். சதை ஈ என்ற வகை இன்னும் ஒரு படி மேலே. முட்டைக்குப் பதிலாக நேராகப் புழுவையே இறைச்சியின் மேல் விட்டுவிட்டுப் போகும். பழ ஈயோ பழுத்த பழத்தின் தோலில், அதுவும் அடிபட்டு வெடித்த இடமாகப் பார்த்து, முட்டையிடும். அதாவது பழம் வீட்டுக்கு வரும்போதே முட்டையோடு வந்திருக்கலாம். பழத்தை வாங்கி வந்ததும் கழுவி வைப்பதும், கழிவு உண்டான உடனே அதைத் தொட்டிக்குள் போடுவதும் எந்த மருந்தைவிடவும் அதிகம் உதவும். "சமையல் முடியட்டும், மொத்தமாகப் போடலாம்" என்று மேடையில் ஒரு கிண்ணத்தில் சேர்க்கிற பழக்கம் உண்டென்றால், அந்தக் கிண்ணத்துக்கும் ஒரு தட்டு போட்டு மூடுங்கள்.

நிறையட்டும் என்று காத்திருப்பது

"தொட்டி இன்னும் பாதிகூட நிறையவில்லையே, அதற்குள் ஏன் கொட்ட வேண்டும்?" இதுதான் அடுத்த தவறு. ஈக்குத் தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது கணக்கில்லை, எத்தனை நாள் ஆனது என்பதுதான் கணக்கு. வெப்பமான நாட்களில் வீட்டு ஈயின் முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். புழு நான்கைந்து நாளில் கொழுத்துவிடும். அப்புறம் கூட்டுப்புழு ஆகும். முட்டையிலிருந்து பறக்கிற ஈ வரை எல்லாம் சேர்த்து 7 முதல் 10 நாள்தான். பழ ஈக்கும் சுமார் 25 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 10 நாள் போதும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வளர்ந்த புழு கூட்டுப்புழு ஆவதற்கு ஈரத்தை விட்டுவிட்டு உலர்ந்த இடம் தேடி வெளியேறும். ஈரமான பக்கச் சுவர் கிடைத்தால் அதில் ஏறி, மூடியின் இடுக்கு வழியாக வந்து, தொட்டியின் அடியிலோ மிதியடிக்குக் கீழோ சுவர் ஓரத்திலோ ஒளிந்துகொள்ளும். பழுப்பு நிறத்தில் சின்ன அரிசி மணி போலக் கிடப்பவை அவைதான். வாரத்துக்கு ஒரு முறை தொட்டியைச் சுத்தமாகக் கொட்டிய பிறகும் ஈ வருகிறதே என்று குழம்புகிறவர்கள் தொட்டிக்குள் தேடுவதை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்க வேண்டும்.

அதனால் என் பரிந்துரை: சமையலறைக்குள் சின்னத் தொட்டி போதும். பெரிய தொட்டி வசதியாகத் தெரியும், ஆனால் கொட்டுவதைத் தள்ளிப்போட அதுவே ஒரு சாக்கு. வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது காலி செய்யுங்கள். குளிர்ந்த காலத்தில் இன்னும் ஓரிரு நாள் தள்ளலாம். கழிவு வண்டி வாரம் ஒரு முறைதான் வரும் என்றால், மீன், இறைச்சி மிச்சத்தை மட்டும் ஒரு மூடிய டப்பாவில் போட்டு ஃப்ரீஸரில் வைத்து, வண்டி வருகிற அன்று வெளியே எடுக்கலாம். குப்பையை ஃப்ரீஸரில் வைப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நேற்று வரை அதே இறைச்சி அதே ஃப்ரீஸரில்தானே இருந்தது?

எல்லாவற்றுக்கும் மூலம் தண்ணீர்

ஈயும் நாற்றமும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் என்று நினைத்து, ஒன்றுக்கு ஒரு ஸ்ப்ரே, இன்னொன்றுக்கு ஒரு ஸ்ப்ரே என்று வாங்குகிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஈரம். ஈயின் முட்டை ஈரம் இல்லாவிட்டால் பொரியாமல் காய்ந்துவிடும். நாற்றம் கிளப்புகிற பாக்டீரியாவுக்கும் ஈரம் வேண்டும். காய்கறி, பழக் கழிவில் பெரும்பாலும் 80 முதல் 90 சதவீதம் தண்ணீர்தான். இரண்டு நாளில் அது கசிந்து அடியில் தேங்கும். அந்தத் தேக்கத்துக்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் பெருகுகிற பாக்டீரியாக்கள்தான் அழுகல் முட்டை வாடைக்கும் ஊசிப்போன வெண்ணெய் வாடைக்கும் காரணம்.

இதைத் தெரிந்துகொண்டே செய்கிற தவறுகள் நிறைய. மீந்துபோன திரவ உணவை அப்படியே கொட்டுவது, தேநீர்ச் சக்கையையும் காபிச் சக்கையையும் பிழியாமல் போடுவது, கழுவின தண்ணீர் சொட்டச் சொட்டக் காய்கறித் தோலைப் போடுவது. ஒரு பழைய வடிகட்டியை சிங்க்கில் வைத்து, கழிவை அதில் சிறிது நேரம் விட்டு (மேலே ஒரு தட்டு போட்டு) எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி காகிதம். தொட்டியின் அடியில் செய்தித்தாளை மடித்துப் போடுவது பலருக்கும் தெரியும். அது மட்டும் போதாது. கழிவின் மேலேயும் ஒரு தாளைப் போட்டு மூட வேண்டும், ஏனென்றால் ஈ வந்து உட்காருவது மேலே. மீன் முள், இறைச்சித் துண்டு போன்றவற்றைத் தனியாகத் தாளில் சுருட்டிப் போடுங்கள். பளபளப்பான தாள் உறிஞ்சாது; சாதாரணச் செய்தித்தாள், முட்டை அட்டை, மரத்தூள், காய்ந்த சருகு எது கிடைத்தாலும் சரி.

மக்கும் பை போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருப்பதும் தவறுதான். மக்குவதற்காகவே செய்த பை, ஈரக் கழிவோடு நாலைந்து நாள் கிடந்தால் அடியில் இளகிக் கிழியும். பையைத் தூக்கும்போதுதான் அது தெரியவரும், அதுவும் வாசலுக்குப் பாதி வழியில். பிளாஸ்டிக் பையை இறுக்கி முடிச்சுப் போட்டு வைத்தால் கசியாது, சரி. ஆனால் உள்ளே காற்றில்லாமல் எல்லாம் ஊறிக்கொண்டிருக்கும். முடிச்சை அவிழ்க்கிறவர் பாவம்.

இறுக்கமான மூடியா, காற்றோட்டமா என்று கேட்டால், இரண்டுக்கும் இடம் உண்டு. துளைகள் உள்ள தொட்டியில் ஈரம் ஆவியாகி நாற்றம் குறையும், ஆனால் பழ ஈயின் உடலே சுமார் 3 மில்லிமீட்டர்தான். துளை 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால்தான் அது தடுக்கப்படும். அடிக்கடி காலி செய்கிறவருக்கு நுண்வலை போட்ட துளைத் தொட்டி நல்லது. நாள்கணக்கில் வைக்க வேண்டியவருக்கு இறுக்கமான மூடியும், உள்ளே நிறைய உலர்ந்த காகிதமும்தான் வழி. மூடியில் கரி வடிகட்டி உள்ள தொட்டி என்றால் அந்தக் கரி சில மாதங்களில் நிறைந்துவிடும். கழுவி மாட்டினால் புதிதாகாது, மாற்றத்தான் வேண்டும்.

எல்லா நாற்றத்துக்கும் ஒரே மருந்து

எலுமிச்சைத் தோல் போடு, சமையல் சோடா தூவு, வினிகர் தெளி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மூன்றும் சரிதான், ஆனால் எந்த வாடைக்கு எது என்று பார்க்காமல் போட்டால் பலனில்லை. மீன் வாடைக்குக் காரணமான டிரைமெத்தில்அமீன் காரத்தன்மை உள்ளது. அதை அமிலம் அடக்கும். எனவே அங்கே வினிகரும் எலுமிச்சையும் வேலை செய்யும், சமையல் சோடா செய்யாது. ஊசிப்போன, புளித்த வாடைக்குப் பியூட்ரிக் அமிலம் போன்றவை காரணம். அங்கே காரத்தன்மையுள்ள சமையல் சோடாதான் சரி, வினிகர் ஊற்றுவதில் அர்த்தமில்லை. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் நன்றாக நுரைக்கும். நுரைப்பதைப் பார்க்க நிறைவாக இருக்கும், ஆனால் அவை ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு தொட்டிக்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை.

அழுகல் முட்டை வாடை அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடை நம் மூக்கு நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். முட்டை, இறைச்சி, முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு இவற்றில் உள்ள கந்தகத்திலிருந்து வருவது அது. அதை எந்த வாசனைத் திரவியமும் மறைக்காது; அடியில் தேங்கிய கசிவு நீரைக் கொட்டிக் கழுவினால்தான் போகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிளீச்சோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ கலந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள கிளீனரோடு கலந்தால் குளோரமைன் வரும். இரண்டுமே நுரையீரலைத் தாக்குகிற நச்சு வாயுக்கள். ஒன்றால் கழுவியும் வாடை போகவில்லை என்று அதன் மேலேயே இன்னொன்றை ஊற்றுகிற இடத்தில்தான் இது நடக்கிறது. தொட்டிக்குச் சாதாரணப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் தேய்க்க ஒரு பிரஷ்ஷும் தாராளம்.

பூச்சிமருந்தைத் தொட்டிக்குள் அடிப்பதும் அப்படித்தான். பறக்கிற ஈ விழும். முட்டையும் கூட்டுப்புழுவும் பெரும்பாலும் தப்பிவிடும். அந்தக் கழிவு உரக் குழிக்குப் போவதாக இருந்தால் மருந்தும் கூடவே போகும். புழுவைப் பார்த்துவிட்டீர்கள் என்றால், கழிவைக் கட்டி அகற்றிவிட்டு, காலித் தொட்டியில் நன்றாகச் சூடான நீரை ஊற்றினால் புழுக்கள் செத்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் என்றால் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், தொட்டி நெளிந்துபோய் அப்புறம் மூடி பொருந்தாது.

கழுவும்போது உட்புறத்தை மட்டும் தேய்த்துவிட்டு விடுவது வழக்கம். பிசுபிசுப்பு தங்குவது மூடியின் விளிம்பிலும் கீல் இடுக்கிலும் தொட்டியின் அடிப்பக்கத்திலும். கழுவியதும் கவிழ்த்து, முடிந்தால் வெயிலில், முழுக்கக் காயவையுங்கள். ஈரத்தோடு புதுப் பை போட்டால் கழுவியதே வீண். காய்ந்த தொட்டியை வைக்கும் இடம் மட்டும் நிழலாக இருக்கட்டும்.

வீட்டிலேயே உரம் போடுபவர்களுக்கு

உரத்தொட்டி நாறினால் பலரும் செய்வது சுண்ணாம்பைத் தூவுவது. காரத்தன்மை ஏறினால் கழிவில் உள்ள நைட்ரஜன் அம்மோனியாவாகக் கிளம்பும்; நாற்றம் குறைவதற்குப் பதில் மூக்கில் ஏறும். உரத்துக்குரிய சத்தும் காற்றில் போகும். உண்மையில் அங்கே குறைவது உலர்ந்த பொருள். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு சருகோ அட்டைத் துண்டோ அளவில் சேர வேண்டும். ஒரு கை அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். புதுக் கழிவை மேலேயே விடாமல் உள்ளே கிளறிப் புதைத்து, மேலே சருகு போடுங்கள்.

உரத்தொட்டியில் பழுப்பு நிறத்தில், தட்டையாக, தடித்த புழுக்களைப் பார்த்தால் பதற வேண்டாம். அவை கருஞ்சிப்பாய் ஈ எனப்படும் வகையின் புழுக்களாக இருக்கலாம். வளர்ந்த ஈ நம் உணவை மொய்ப்பதில்லை. கழிவை அந்தப் புழுக்கள் வேகமாகத் தின்று தீர்ப்பதோடு, வீட்டு ஈ பெருகுவதையும் குறைக்கும். அவற்றைக் கொல்ல மருந்து அடிப்பது நமக்கு வேலை செய்கிற ஆளை விரட்டுவதுதான்.

வேறு இடத்து ஈ

வினிகரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டுப் பொறி வைத்தால் பழ ஈ விழும். புளிப்பு வாசனைக்கு வரும், சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால் உட்கார முடியாமல் மூழ்கும். வீட்டு ஈக்கு இந்தப் பொறியில் ஆர்வம் குறைவு. அது வரவில்லை என்று பொறியைக் குறை சொல்வதில் பயனில்லை.

தொட்டியை முழுக்கச் சுத்தம் செய்த பிறகும் ஒரு வாரம், பத்து நாள் வரை சில ஈக்கள் பறக்கத்தான் செய்யும், ஏற்கெனவே ஒளிந்திருந்த கூட்டுப்புழுக்களிலிருந்து வெளிவருபவை. அதற்குள் "ஒன்றும் பலிக்கவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகும் வந்தால் ஈ வேறு எங்கோ பிறக்கிறது. இறக்கையில் மயிர் போலப் படர்ந்து, குட்டி அந்துப்பூச்சி மாதிரி சுவரில் உட்கார்ந்திருந்தால் அது வடிகால் ஈ, சிங்க் குழாய்க்குள் படிந்த கசடில் வளர்வது. பூந்தொட்டி மண்ணருகே மட்டும் சுற்றினால் அது பூஞ்சைக் கொசு; செடிக்கு ஊற்றும் தண்ணீரைக் குறைக்க வேண்டும். சிங்க்கா இல்லையா என்று தெரியவேண்டுமானால், இரவில் வடிகால் வாயைத் துடைத்து, ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு டேப்பைக் குறுக்கே ஒட்டிவிடுங்கள். காற்று போகக் கொஞ்சம் இடம் இருக்கட்டும். இரண்டு மூன்று இரவு தொடர்ந்து பாருங்கள். டேப்பில் ஈ ஒட்டியிருந்தால் நீண்ட பிரஷ் ஒன்றை எடுத்துக் குழாயின் உட்சுவரைத் தேய்க்க வேண்டும். பிளீச் ஊற்றினால் அது கசடின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும், அடியில் இருக்கிற புழு அப்படியே இருக்கும்.