மூளைக் கட்டிக்கு எதிர்ப்பு சக்தி பொடி வாங்குறதுக்கு முன்னாடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்துல மெடிக்கல் ஷாப்புல நிக்கேன். மூளை வீக்கத்தைக் குறைக்கிற டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டும் ஃபிட்ஸ் மாத்திரையும் ஒரே சீட்டுல வந்தா வீட்டுல யாருக்கோ தலையில கட்டின்னு பெரும்பாலும் புரிஞ்சிரும். திருவனந்தபுரத்துல ஆபரேஷன் முடிச்சு கூட்டிட்டு வந்திருப்பாங்க, மருந்தை வாங்கி பைக்குள்ள வச்சதும் அடுத்த கேள்வி, "எதிர்ப்பு சக்தி கூடுததுக்கு பொடி ஏதும் உண்டா?"

எதிர்ப்பு சக்தி கொறஞ்சதாலதான் கட்டி வந்துச்சு, அதைக் கூட்டினா கட்டி கரைஞ்சிரும்னு நினைக்கிறதுதான் முதல் தப்பு, மத்த தப்பெல்லாம் இதுலேர்ந்துதான் கிளம்புது. கிளியோபிளாஸ்டோமா மாதிரி மோசமான மூளைக் கட்டி என்ன செய்யுதுன்னா, தானே சில வளர்ச்சிக் காரணிகளை (செல்லுக்கு உத்தரவு குடுக்கிற புரதங்கள்) சுரந்து நம்ம பாதுகாப்பு செல்களை அடக்கி வச்சிருது. நம்ம ஊர்ல தேனீப்பெட்டி திறக்குறவங்க முதல்ல புகை போடுவாங்கல்லா, தேனீ சாகல, எண்ணிக்கையும் குறையல, ஆனா கொட்ட வராது. புகை இருக்குறப்போ பெட்டிக்குள்ள இன்னும் நூறு தேனீய விட்டாலும் அதே கதைதான், பொடி குடிச்சு செல்லைக் கூட்டணும்னு நினைக்கிறதும் அப்படித்தான்.

அந்தப் புகையில முக்கியமானது டிஜிஎஃப் பீட்டாங்கிற வளர்ச்சிக் காரணி. இது புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்ல, 1980கள்லயே சுவிட்சர்லாந்து சூரிச்ல கிளியோபிளாஸ்டோமா செல் வளர்த்த திரவத்துல ஏதோ ஒரு பொருள் நம்ம பாதுகாப்பு செல்லான டி செல்லை பெருக விடாம தடுக்குதுன்னு பாத்தாங்க, 1987ல அது டிஜிஎஃப் பீட்டா 2ன்னு தெரிஞ்சுது. இது பட்டா டி செல் பெருகாது, எதிரி செல்லைக் கொல்றதுக்கு அது வச்சிருக்கிற கிரான்சைம், பெர்ஃபோரின் எல்லாம் உற்பத்தி குறையும், சில டி செல் கட்சி மாறி மத்த டி செல்லை அடக்குற வகையாவே ஆயிரும். இன்னொரு வகை பாதுகாப்பு செல்லான என்.கே செல்லுக்கு கெட்ட செல்லை அடையாளம் காட்டுற ஏற்பியும் குறைஞ்சு போகும். மூளையிலேயே குடியிருக்கிற மைக்ரோக்ளியாவும் ரத்தத்துலேர்ந்து வர்ற மேக்ரோஃபேஜும், ரெண்டும் பாதுகாப்பு செல்தான், கட்டிக்கு துணை போக ஆரம்பிக்கும், கட்டிக்குள்ள இருக்குற செல்கள்ல மூணுல ஒரு பங்கு வரைக்கும் இதுங்களா இருக்கலாம்னா பாத்துக்கோங்க. இன்னொண்ணு விஇஜிஎஃப், புது ரத்தக்குழாய் போட வைக்கும், அந்தக் குழாய் கசியும், அதுல மூளை வீங்கும், கூடவே எதிரியைக் காட்டிக் கொடுக்கிற டென்ட்ரிட்டிக் செல்லை முதிர விடாது.

அப்போ இந்த டிஜிஎஃப் பீட்டாவை மொத்தமா அடைச்சா போதுமேன்னு படிச்ச பிள்ளைங்க கேக்குறாங்க, நல்ல கேள்விதான். ஆனா புண்ணு ஆறுறதுக்கும், நம்ம பாதுகாப்பு செல் நம்மளையே தாக்காம இருக்குறதுக்கும் அதே பொருள் வேணும், அதான் அதைக் குறிவச்ச மருந்துகள் எளிதா ஜெயிக்கல.

வளர்ச்சிக் காரணின்னு கேட்டதும் பால், முட்டை, மீன் எல்லாத்தையும் நிறுத்துறது இன்னொரு தப்பு. கட்டி அதை தனக்குள்ளயே உண்டாக்குது, சாளை மீன் கறியிலேர்ந்து எடுக்கல. கதிர்வீச்சும் டெமோசோலோமைடுங்கிற கீமோ மாத்திரையும் போயிட்டிருக்கிற ஆளை பட்டினி போட்டா எடை குறையும், சிகிச்சையைத் தாங்க முடியாது.

ரத்த ரிப்போர்ட்ல வெள்ளை அணு கூடியிருக்கு, சக்தி வந்தாச்சுன்னு சந்தோஷப்படுவாங்க, பாக்கவே மனசுக்கு கஷ்டமா இருக்கும். டெக்ஸாமெத்தசோன் குடிச்சா நியூட்ரோஃபில்ங்கிற ஒரு வகை வெள்ளை அணு கூடும், மொத்த எண்ணிக்கையும் கூடும், ஆனா டி செல் அடங்கின லிம்போசைட் வகை குறைஞ்சிருக்கும். கட்டி உள்ளவங்களோட டி செல் எலும்பு மஜ்ஜைக்குள்ளயே மாட்டிக்கிட்டு வெளிய வராம கிடக்குதுன்னு 2018ல வந்த ஆராய்ச்சியே இருக்கு. அதனால மொத்த எண்ணிக்கையை மட்டும் வச்சு நாமளே முடிவு பண்ணக்கூடாது.

ரொம்ப ஆபத்தான தப்பு இதுக்கு நேர் எதிரானது. ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும்னு யாரோ சொல்ல, வீட்டுல சட்டுன்னு மாத்திரையை நிறுத்திருவாங்க. குறைக்கும்ங்கிறது உண்மைதான், டாக்டரும் அதுக்காகத்தான் முடிஞ்ச அளவு கம்மியான டோஸ்ல வைக்கப் பாப்பாங்க. ஆனா திடீர்னு நிறுத்தினா மூளை வீக்கம் திரும்பும், தலைவலி, வாந்தி, மயக்கம் வரும், பல நாள் குடிச்ச உடம்பு தானா கார்டிசால்ங்கிற ஹார்மோனை போதுமான அளவு சுரக்காது, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியா குறைக்கணும், அதுவும் டாக்டர் சொன்னபடி.

அடுத்து பணம். நுரையீரல் கேன்சருக்கு இம்யூனோதெரபி ஊசி (பாதுகாப்பு செல்லைத் தூண்டி விடுற மருந்து) போட்டு தேறின ஒருத்தரைக் காட்டி, ரப்பர் தோட்டத்தை வித்தாவது இங்கயும் போடுவோம்னு கெளம்புறாங்க. அந்த மாதிரி ஊசியான நிவோலுமாப்பை, திரும்பி வந்த கிளியோபிளாஸ்டோமா உள்ள 369 பேர்கிட்ட பெவாசிசுமாப்போட ஒப்பிட்டுப் பாத்தாங்க, 2020ல முடிவு வெளியாச்சு, பாதிப் பேர் உயிரோட இருந்த காலம் நிவோலுமாப்ல 9.8 மாசம், பெவாசிசுமாப்ல 10.0 மாசம், கூடுதல் பலன் இல்ல. பெவாசிசுமாப்னா விஇஜிஎஃப்பைத் தடுக்கிற மருந்து, வீக்கத்தைக் குறைக்கும், ஸ்டீராய்டு தேவையும் குறையலாம், ஆனா புதுசா கண்டுபிடிச்ச நோயாளிகள்ல ஆயுளைக் கூட்டலன்னு 2014ல ரெண்டு பெரிய ஆய்வு சொல்லிச்சு. சில பேருக்கு கட்டியோட மரபணு மாற்றத்தைப் பொறுத்து இம்யூனோதெரபி பொருந்தலாம், அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி "எங்க அப்பாவுக்க கட்டி எந்த வகை, இந்த ஊசி இதுக்கு எவ்வளவு உதவும்"னு நேரா கேளுங்க, கேக்க வெக்கப்பட வேண்டாம். மெனிஞ்சியோமா, பிட்யூட்டரி கட்டி எல்லாம் பெரும்பாலும் சாதுவானது, மேல சொன்ன கதையை அதுக்கு அப்படியே பொருத்தி பயப்படவும் வேண்டாம்.

பொடி, கஷாயம் விஷயத்துல வைத்தியத்தை நான் குறை சொல்லல, நம்ம ஜில்லாவுல அதுக்கு பெரிய மரபு உண்டு. ஆனா மிளகு, திப்பிலியில இருக்குற பைப்பரின், ஃபெனிடோயின் மாதிரி ஃபிட்ஸ் மாத்திரையோட அளவை ரத்தத்துல ஏத்திரும், நடை தள்ளாடும், கண்ணு மங்கலாகும், வீட்டுல கட்டிதான் பெருசாச்சுன்னு பதறுவாங்க. குழம்புல போடுற மிளகு பிரச்சினை இல்ல, தினமும் கரண்டி கரண்டியா குடிக்கிறதுதான். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி போனாலும் திருவனந்தபுரம் போனாலும் குடிக்கிற பொடி டப்பாவை எல்லாம் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போய் டாக்டர் மேசையில வைங்க, மறைக்காதீங்க.