பழைய வண்டிக்கு சிந்தெடிக் ஆயில்: எதைப் பார்த்து வாங்குவது?

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் பழைய ஸ்ப்ளெண்டரும் மாருதி 800-உம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சிந்தெடிக் என்பது சாதா மினரல் ஆயிலைவிட விலை கூடிய, செயற்கையாகத் தயாரித்த இன்ஜின் ஆயில். "சிந்தெடிக் ஊற்றினால் பழைய வண்டி ஒழுகும்" என்று பயந்து பலர் அந்தப் பக்கமே போவதில்லை. பயப்பட வேண்டாம். ஆனால் டப்பாவை எடுப்பதற்கு முன் இன்ஜினைப் பாருங்கள்.

இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஆயில் சொட்டியிருந்தால் கேஸ்கெட்டோ ஆயில் சீலோ போயிருக்கிறது. இன்ஜின் சூடான பிறகு முறுக்கும்போது நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். இதில் எது இருந்தாலும் விலை கூடிய ஆயில் வேண்டாம், அந்தப் பணத்தில் ரிப்பேர் பாருங்கள். இன்றைய சிந்தெடிக் நல்ல சீலைக் கெடுப்பதில்லை. விரிசல் விட்ட சீலை அடைத்திருக்கும் பழைய கசடைக் கழுவிவிடுகிறது, அப்போதுதான் ஒழுக்கு கண்ணில் படுகிறது.

அடுத்தது கிரேடு. இதுதான் முக்கியம். 20W-50 என்பதில் முதல் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு, இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. 20W ஆயிலையே மைனஸ் 15 டிகிரியில் சோதிக்கிறார்கள். வேலூர் மார்கழியில் அந்தக் குளிர் ஏது? ஆகவே 0W, 5W என்பதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. நமக்குச் சோதனை அக்னி நட்சத்திரம்தான். 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில், ஆள் ஏற்றிக்கொண்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது சாதா ஆயில் சீக்கிரம் இளகிக் கெட்டுப்போகும், சிந்தெடிக் தாக்குப்பிடிக்கும். அதற்காக மேனுவல் சொல்வதைவிடக் கெட்டியாக ஊற்றாதீர்கள். 10W-30 கேட்கும் ஸ்ப்ளெண்டருக்கு 20W-50 ஊற்றினால் மைலேஜ்தான் குறையும்.

பைக் என்றால் டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக்குறியான ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் இதே ஆயிலில்தான் ஊறுகிறது. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் ஸ்லிப் ஆகலாம். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி (2T) ஆயில், அது வேறு கதை.

நெடுநாள் சாதா ஆயிலில் ஓடிய இன்ஜினுக்கு முதலில் ஒருமுறை, சாதாவும் சிந்தெடிக்கும் கலந்த செமி சிந்தெடிக் ஊற்றிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. கசடு கரைந்து வருவதால் அந்த முதல் ஆயிலை வழக்கத்தைவிடச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். ஒழுக்கு இல்லையென்றால் அப்புறம் முழு சிந்தெடிக்.

சரி, மாற்றும் நாளில் இன்ஜினைச் சிறிது நேரம் ஓட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போது டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். வாஷரைப் புதிதாகப் போடுங்கள், மாற்றும் ஃபில்டர் உள்ள வண்டி என்றால் அதையும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், தோல் கழிவால் பாலாறு பட்டதே போதும். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். முதல் 500 கிலோமீட்டருக்குள் இரண்டு மூன்று தடவை, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு இறங்கியிருந்தால் அதே கிரேடை ஊற்றிச் சரிசெய்துவிட்டு, அட்டையை மறுபடி விரியுங்கள்.