ஃபோர்க்லிஃப்ட்டுக்கு மோதல் தடுப்புச் சாதனம்: சேலம் குடோன்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் ஜவ்வரிசி, ஸ்டார்ச் குடோன் வைத்திருப்பவர்களும் எவர்சில்வர் தகட்டுச் சுருள் (காயில்) ஏற்றி இறக்குபவர்களும், வண்டி அருகே ஆள் வந்தால் கண்டு எச்சரிக்கும் மோதல் தடுப்புச் சாதனம் வாங்கப் போனால், முதலில் கேட்பது “எத்தனை மீட்டர் வரைக்கும் பிடிக்கும்?” என்பதைத்தான். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நம் வண்டி, நம் லோடோடு, நம் தரையில் நிற்க எத்தனை மீட்டர் ஆகும்?

மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது பார்க்க மெதுவாகத் தெரியும். அது நொடிக்கு 2.8 மீட்டர். சென்சார் ஆளைக் கண்டு பஸ்ஸர் அடிக்க அரை நொடி, ஆபரேட்டர் காதில் விழுந்து கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்தால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே வண்டி 4 மீட்டருக்கு மேல் வந்துவிடும். லோடு சரியாமல் நிதானமாகப் பிடித்து நிறுத்த இன்னும் சுமார் 2 மீட்டர். ஆக 6 மீட்டர். எதிரில் வருபவரும் நடந்துகொண்டேதான் இருப்பார். அந்த மூன்று, மூன்றரை நொடியில் அவர் பங்குக்கு 4 மீட்டருக்கு மேல் நெருங்கிவிடுவார். 6 மீட்டரில் கத்தும் சாதனம் இங்கே உதவாது.

இதே வண்டியை 6 கிலோமீட்டர் வேகத்துக்குக் கட்டுப்படுத்தினால் நிற்கும் தூரம் 3 மீட்டரை ஒட்டி வந்துவிடும், ஏறக்குறையப் பாதி. அதனால் சென்சாருக்குக் கொட்டேஷன் கேட்பதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். எலெக்ட்ரிக் வண்டியில் கன்ட்ரோலர் செட்டிங்கிலேயே வண்டி கம்பெனியின் சர்வீஸ் ஆள் இதைச் செய்து தருவார்.

மேலே சொன்னது கணக்கு. உங்கள் குடோனில் அளந்து பார்ப்பதே சரி. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, வழக்கமான லோடை ஏற்றி, வழக்கமான வேகத்தில் வந்து, கோட்டில் பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். ஐந்து முறை ஓட்டி, அதிகமாக வந்த தூரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்; சராசரி வேண்டாம். ஸ்டார்ச் மாவு படிந்த தரையில் டயர் வழுக்கும். பெருக்கிய தரையில் மட்டும் சோதித்துவிட்டு விடாதீர்கள்.

டேக் போட்டால் போதும் என்ற நினைப்பு

ஆளிடம் ஒரு டேக் (ரேடியோ சிக்னல் அனுப்பும் சிறு கருவி), வண்டியில் அதைப் பிடிக்கும் ஒரு ரிசீவர் என்ற முறை ரேக்கின் மறைவில் நிற்பவரையும் காட்டும் என்பது பெரிய பலம். ஆனால் டேக்கை பேன்ட் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் உடம்பே சிக்னலைத் தடுக்கும். தோள்பட்டையிலோ ஹெல்மெட்டிலோ இருக்க வேண்டும். காயில் கிடங்கில் இரும்பில் பட்டு சிக்னல் எதிரொலிக்கும், தூரம் தப்பாகக் காட்டும். டெமோவை வெளி முற்றத்தில் பார்க்காமல் காயில் வரிசைக்கு நடுவில் பாருங்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை, டேக் இல்லாத ஆட்கள். லாரியிலிருந்து இறங்கி, தார்ப்பாய் கயிறு அவிழ்க்க பின்பக்கம் போகும் டிரைவரும் கிளீனரும் இதில் மாட்டிக்கொள்வார்கள். கேட்டில் செக்யூரிட்டி சீட்டு கொடுக்கும்போதே சார்ஜ் ஏற்றிய டேக்கையும் கொடுத்து, வெளியே போகும்போது வாங்க வேண்டும். இல்லையென்றால் லோடு ஏறி முடியும் வரை அவர்களை வண்டி ஓடும் இடத்துக்கு வெளியே உட்கார வையுங்கள். இரண்டாவது வழிதான் மேல். பேட்டரி தீர்ந்துபோகும் கவலை அதில் இல்லை.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சில டேக் செட்டுகள் அமெரிக்காவின் 902–928 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுபவை. நம் நாட்டில் இந்த வகைக்கு உரிமம் இல்லாமல் அனுமதிப்பது 865–868 மெகாஹெர்ட்ஸ். பில் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேமரா நம் லோடுமேனை ஆளாகப் பார்க்கிறதா?

ஏஐ கேமரா விற்பவர் டெமோவில் மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒருவரை நேராக நடக்கவிட்டுக் காட்டுவார், திரையில் அவரைச் சுற்றிக் கட்டம் பளிச்சென்று விழும். நம் குடோனில் வேலை அப்படி நடப்பதில்லை. தலையில் துண்டு சுற்றி, 90 கிலோ ஜவ்வரிசி மூட்டையை முதுகில் ஏற்றிக் குனிந்து வரும் லோடுமேனின் தலையும் தோளும் கேமராவுக்குத் தெரியாது. மூட்டைக்குக் கீழே இரண்டு கால்கள்தான் தெரியும். சிந்திய மாவைக் கூட்ட உட்கார்ந்திருக்கும் அம்மா, அடுக்கி வைத்த வெள்ளை மூட்டைகளுக்கு முன்னால் இன்னொரு மூட்டையாகவே தெரிவார். மூட்டை சுமக்கும் ஆள், குந்தியிருக்கும் ஆள், ரேக் ஓரத்தில் பாதி மறைந்த ஆள் ஆகிய மூன்றையும் வெளிச்சம் குறைந்த மூலையில் நிறுத்திச் சோதியுங்கள். வண்டி ஓடாமல் நிற்கும்போது இதைச் செய்யுங்கள். மூன்றில் ஒன்றில் தேறாவிட்டாலும் அந்தக் கேமராவை வாங்காதீர்கள்.

லென்ஸில் ஸ்டார்ச் தூசி படிந்தால் ஒரு ஷிப்டுக்குள்ளேயே படம் மங்கும். ஏர் கம்ப்ரசரால் ஊதிச் சுத்தம் செய்யவே கூடாது. காற்றில் எழும்பும் ஸ்டார்ச் தூசி தீப்பொறி பட்டால் வெடிக்கும். மென்மையான துணியால் துடைத்தால் போதும். தூசி அதிகமான குடோனில் ரேடார் நன்றாக வேலை செய்யும், ஆனால் இரும்புத் தூணையும் ஆளையும் ஒன்றுபோலக் காட்டும். அல்ட்ராசானிக் சில மீட்டர் தூரத்துக்குத்தான். மெத்தென்ற சாக்கு மூட்டை ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். வண்டி வருவதைக் காட்டத் தரையில் விழும் நீல விளக்கு நல்லதுதான், ஆனால் ஷட்டர் வாசல் வெயிலில் அது கண்ணுக்கே தெரியாது.

ஓயாமல் கத்தும் அலாரம்

மூன்றரை மீட்டர் சந்தில் ஓடும் வண்டிக்கு எல்லாப் பக்கமும் அலாரம் தூரம் 8 மீட்டர் வைத்தால், நாள் முழுக்க பஸ்ஸர் அடிக்கும். ஒரு வாரத்தில் பஸ்ஸருக்குள் துணி அடைத்திருப்பார்கள், அல்லது வயர் கழன்றிருக்கும். ஆபரேட்டரைத் திட்டுவதால் பயனில்லை, செட்டிங் தப்பு. ஆபரேட்டரின் சொந்த டேக் கணக்கில் வரக்கூடாது. வண்டி நிற்கும்போது ஒலி அடங்க வேண்டும். நேர்பாதையில் ஒரு தூரம், சந்துக்குள் குறைந்த வேகத்தோடு குறைந்த தூரம் என்று பிரித்து வையுங்கள்.

முன்பக்கம் மட்டும் சென்சார் வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்பும் வண்டி. திருப்பும்போது முன்லோடுக்கு ஈடாகப் பின்னால் இருக்கும் எடைக்கட்டு வெளியே வீசி, பக்கத்தில் நிற்பவரைச் சுவரோடு நசுக்கும். உயரமான லோடு வைத்து ரிவர்ஸில் ஓட்டும்போதும் பின்பக்கம்தான் பாதை. காசு ஒரு சென்சாருக்குத்தான் இருக்கிறதென்றால் பின்னால் வையுங்கள். முன்சென்சாரை மாஸ்டில் (லோடைத் தூக்கும் முன்கம்பம்) வைத்தால் லோடையே தடையாகப் பார்க்கும். ஆபரேட்டர் தலைக்கு மேலுள்ள பாதுகாப்புக் கூரையில் வைப்பதே சரி.

தானாக பிரேக் போடும் வகையில், திடீரென்று நிறுத்தினால் லோடு முன்னால் கொட்டும். முதலில் 2–3 கிலோமீட்டர் வேகத்துக்கு இறக்கி, பிறகு நிறுத்தும்படி அமைக்கச் சொல்லுங்கள். வண்டி தயாரித்த கம்பெனியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பிரேக்கிலோ கன்ட்ரோலரிலோ கை வைக்கக் கூடாது.

வயரிங்

48 வோல்ட் பேட்டரியில் ஆறு செல்லில் மட்டும் வயர் எடுத்து 12 வோல்ட் சாதனத்தை ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஆறு செல் மட்டும் தினமும் கூடுதலாக இறங்கி, பேட்டரி முழுக்கச் சமநிலை கெட்டுச் சீக்கிரம் போய்விடும். முழு 48 வோல்ட்டிலிருந்து டிசி கன்வர்ட்டர் வைத்து, ஃபியூஸ் போட்டு எடுங்கள். டீசல் வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் இறங்கி சாதனம் ரீஸ்டார்ட் ஆகும். பச்சை விளக்கு எரிந்த பிறகே வண்டியை நகர்த்தச் சொல்லுங்கள்.

ஷிப்ட் தொடங்கும்போது, நீங்கள் வைத்த அலாரம் தூரங்களில் தரையில் பெயின்ட் அடித்த கோடுகளில் ஒருவர் நின்று, அலாரம் வருகிறதா என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். சாதனத்தில் பதிவாகும் அலாரங்களையும் வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரே மூலையில் குவிந்திருந்தால் அங்கே போய் நின்று பாருங்கள். பெரும்பாலும் சந்து முனையில் தண்ணீர் கேன் இருக்கும், ஆட்கள் குடிக்க வந்து போவார்கள். கேனை வண்டிப் பாதைக்கு வெளியே மாற்றிவிட்டு, அடுத்த வாரப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.